ராத்திரி பத்து மணி மிக்சர்

போன இதழில் எடைக் குறைப்பு பற்றி வந்த ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் என்ன சாப்பிடலாம் என்று கேட்டவர்கள் குறைவு. "என்ன சாப்பிடக் கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும் மேடம், ஆனால் டென்ஷன் வந்தால் கை தானாக டப்பாவுக்குப் போகிறது, அதற்கு என்ன வழி?" என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதும் இந்த ஒரே விஷயத்துக்குத்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 38. வங்கியில் வேலை. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. போன வருஷம் ஆறு கிலோ குறைத்தேன், இந்த வருஷம் எட்டு கிலோ ஏறிவிட்டது. காலையில் சர்க்கரை இல்லாத காபி, ஒரு கிண்ணம் ஓட்ஸ். மதியம் இரண்டு சப்பாத்தியும் கொஞ்சம் காயும். சாயந்திரம் கிரீன் டீ. ராத்திரி ஒரு தோசை. பகல் முழுக்க இப்படி ஒழுங்காகத்தான் இருக்கிறேன். ஆனால் பிள்ளைகளைத் தூங்க வைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகு பத்து மணிக்கு என்னவோ ஆகிவிடுகிறது. சமையலறை லைட்டைக்கூடப் போடாமல் நின்றுகொண்டே மிக்சர், பிள்ளைகளின் பிஸ்கட், ஃபிரிட்ஜில் இருக்கும் மிச்சம் மீதி எல்லாவற்றையும் சாப்பிடுகிறேன். மாசக் கடைசியிலும் ஆடிட் நேரத்திலும் ரொம்ப மோசம். மறுநாள் என்மேலேயே கோபம் வந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா? (கோவை)

பதில்: நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். ஓட்ஸ், சப்பாத்தி, தோசை எல்லாம் சேர்த்தும் எண்ணூறு கலோரியைத் தாண்டாது. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்க எண்ணூறு கலோரியில் ஓட்டுகிற ஒருத்தருக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? எனக்கென்னவோ அது கொஞ்சம் அளவுக்கு மீறி இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 இளைஞர்களை வைத்துச் செய்தது. எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதத்துக்கு அவர்கள் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாக, தினம் சுமார் 1,600 கலோரி அளவுக்குக் குறைத்தார்கள். (இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற டயட் சார்ட்டில் 1,200 என்று இருக்கும், அதைக் கவனியுங்கள்.) கொஞ்ச நாளில் அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பிடக் கிடைத்த பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு மாமியார் மாத்திரையும் இல்லை, ஆடிட்டும் இல்லை.

உங்கள் பத்து மணிப் பசியில் பாதிக்கு மேல் பகலில் உண்டானது. மீதிதான் டென்ஷன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் உங்களுக்கு எல்லாமே டென்ஷன் மாதிரி தெரிகிறது.

டென்ஷன் செய்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒரு அதிர்ச்சி வந்தால், மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார் என்று வையுங்கள், அந்த நிமிஷம் யாருக்கும் பசிக்காது. அப்போது சுரக்கிற அட்ரினலின் பசியை அமுக்கி வைத்துவிடும். ஆனால் அதே தொந்தரவு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் கூடுதலாகவே இருக்கும், அது பசியைக் கிளறிவிடும். அந்தப் பசி கீரைக்கூட்டு கேட்காது. எண்ணெயும் உப்பும் சர்க்கரையும்தான் கேட்கும். அந்த மாதிரித் தீனி சாப்பிட்டால் கொஞ்ச நேரம் நிஜமாகவே மனசு லேசாகும், அதனால்தான் மூளை அந்த வழியை மறக்காமல் வைத்துக்கொள்கிறது. நானும் இதில் விதிவிலக்கு இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரம் கீழே கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜியாகத் தின்று தீர்த்தேன், அப்போது உணவு ஆலோசனை சொல்கிற இதே வேலையில்தான் பதினைந்து வருஷமாக இருந்தேன்.

சரி, என்ன செய்யலாம்? அந்த ராத்திரி பத்து மணியை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் இரண்டு வாரம் மிக்சரை நிறுத்தப் பார்க்காமல் மற்ற வேளைச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். முதலில் மதியம். சோறு சாப்பிடுங்கள், பயப்படாதீர்கள், ஒரு கப் சோறு, சாம்பார், தட்டில் பாதி அளவுக்குப் பொரியலோ கூட்டோ, அதோடு இரண்டு முட்டை அல்லது மீன், சைவம் என்றால் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, கடைசியில் தயிர். சாயந்திரம் ஐந்து மணிக்கு கிரீன் டீயை மட்டும் குடித்துவிட்டு உட்காராதீர்கள். ஒரு கப் சுண்டல் சாப்பிடுங்கள், கொண்டைக்கடலையோ தட்டப்பயறோ எதுவானாலும் சரி. ஐந்து மணிக்கு வயிற்றில் விழுகிற சுண்டல் பத்து மணிக்குச் செய்கிற உதவி பெரியது. ராத்திரிக்கு ஒற்றைத் தோசைக்குப் பதிலாக இரண்டு அடை, கொஞ்சம் காய். காலையில் ஓட்ஸ் பிடித்துச் சாப்பிட்டால் சரி, டயட்டுக்காகச் சாப்பிட்டால் விட்டுவிட்டு இட்லியும் சாம்பாரும் சாப்பிடுங்கள்.

இதெல்லாம் சாப்பிட்டால் எடை ஏறாதா என்று கேட்பீர்கள். இப்போது ராத்திரி நின்றுகொண்டே உள்ளே போகிறதே, அதை யார் கணக்கில் வைப்பது? மிக்சர் 100 கிராம் 500 கலோரிக்கு மேல். ஒரு பிடி சாப்பிட்டால் 150தான், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் காய்ந்த வயிற்றோடு இருட்டில் நிற்கிறவர் ஒரு பிடியில் நிறுத்த மாட்டார்.

இரண்டு வாரம் கழித்தும் பத்து மணிக்கு அந்த இழுப்பு இருக்கும், குறைந்திருக்கும் ஆனால் இருக்கும். அதுதான் உண்மையான டென்ஷன் பங்கு. அன்றைக்கு லைட்டைப் போடுங்கள். மிக்சரை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுங்கள், டப்பாவை மூடி மேலே வையுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறபோது ருசியும் தெரிவதில்லை, போதும் என்றும் தெரிவதில்லை. டப்பாவை ஒளித்து வைக்கிற யோசனை பலர் சொல்வார்கள், ஒளித்து வைத்தவரே எடுக்கப் போகிறபோது அதில் என்ன இருக்கிறது?

அப்புறம் இன்னொன்று. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது தோன்றியது, அந்த பத்து மணிதான் நாள் முழுவதிலும் யாரும் உங்களை "அம்மா" என்றோ "மேடம்" என்றோ கூப்பிடாத நேரம். அதை நீங்கள் மிக்சரோடு கழிக்கிறீர்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற சந்தோஷம் அது ஒன்றுதான். "அதற்குப் பதிலாக தியானம் செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிக்சர் கொடுக்கிற சுகத்தைத் தியானம் முதல் நாளே கொடுக்காது. ஆனால் அந்த ஓய்வு ஒன்பது மணிக்கே கிடைத்தால்? ராத்திரிப் பாத்திரத்தை உங்கள் கணவர் கழுவலாம், மாத்திரையை அவர் அம்மாவுக்கு அவரே கொடுக்கலாம். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை மொட்டை மாடியில் உங்கள் அக்காவோடோ தோழியோடோ போனில் பேசுங்கள். இது எடைக் குறைப்பு ஆலோசனை இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், என்னிடம் வருகிறவர்கள் பலருக்கு சார்ட்டைவிட இதுதான் வேலை செய்திருக்கிறது.

மறுநாள் காலைச் சாப்பாட்டை விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தண்டனைதான் அடுத்த ராத்திரிக்கு வித்து. அன்றைக்குக் காலையில் எடை மெஷினிலும் ஏறாதீர்கள். உப்புப் பண்டம் தின்ற மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், அது பெரும்பாலும் உடம்பு பிடித்து வைத்த தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும், எவ்வளவு மிக்சர் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில் பார்த்தால் போதும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பலருக்குப் பசி கூடும், காலண்டரில் அந்த நாட்களையும் ஆடிட் நாட்களையும் குறித்து வையுங்கள், இரண்டும் ஒன்றாக வருகிற மாதத்தில் எடை ஏறாமல் நின்றாலே பெரிய விஷயம். இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு அது 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது, மெஷின் நகராதபோதும் டேப் நகரும்.

கேள்வி: வயது 27, ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனி, அமெரிக்க ஷிப்ட். சாயந்திரம் ஆறரைக்குப் போனால் விடியற்காலை மூன்றரை வரை. கிளையன்ட் கால் முடிந்தாலே எதையாவது ஆர்டர் போட்டுவிடுவேன், பரோட்டா இல்லையென்றால் சிக்கன் ரைஸ், கூடவே கூல்டிரிங்க். ஐந்து மணி நேரம்தான் தூக்கம். இரண்டு வருஷத்தில் 14 கிலோ ஏறிவிட்டது. ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டி நான்கு நாள் போனேன். (சென்னை)

பதில்: தம்பி, ஜிம்மை இப்போதைக்கு மறந்துவிடு. உன் பிரச்சினை தூக்கத்தில் ஆரம்பிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உன் வயதுப் பையன்கள் பன்னிரண்டு பேரை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், 2004இல் வெளியானது. நன்றாகத் தூங்கியபோது இருந்ததோடு ஒப்பிட்டால், வயிறு நிறைந்தது என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, பசிக்கிறது என்று சொல்கிற கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப் பண்டம் மேல் ஆசையும் கூடியது. இரண்டே ராத்திரிக்கு இது. நீ இரண்டு வருஷமாக அப்படி இருக்கிறாய்.

அதனால் முதலில் ஐந்து மணி நேரத்தை ஏழாக்கு. ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி, போன் அடுத்த அறையில், வீட்டில் எல்லோரிடமும் மதியம் ஒரு மணி வரை எழுப்பாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வது. காபியை ராத்திரி பதினோரு மணியோடு முடித்துக்கொள், குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குக் கிளம்புகிறதற்கு முன் வீட்டில் சாப்பிட்டுவிடு. ஒரே பரோட்டாவைப் பகலில் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையைவிட நடுராத்திரியில் சாப்பிட்டால் ஏறுவது அதிகம், அந்த நேரத்தில் இன்சுலின் அவ்வளவாக வேலை செய்யாது. பதினோரு மணிக்குத் தயிர்சாதமோ முட்டையும் சுண்டலுமோ டிபன் பாக்ஸில் இருக்கட்டும். அம்மாவிடம் கேட்க வெட்கமாக இருந்தால் நீயே கட்டிக்கொள், முட்டை வேகவைக்கப் பத்து நிமிஷம்.

கால் முடிந்ததும் ஆர்டர் போடுகிறாய் என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பணிவாகப் பேசிவிட்டு வெளியே வருகிற உடம்பு ஏதாவது ஒரு பரிசு கேட்கிறது. கால் முடிந்ததும் போனை மேஜையிலேயே வைத்துவிட்டு நாலு மாடி இறங்கி ஏறு, கூட ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த கிளையன்டைத் தாராளமாகத் திட்டு. திரும்பி வந்து பசித்தால் டிபன் பாக்ஸைத் திற. ஆப்பில் சேமித்து வைத்திருக்கிற கார்டு விவரத்தையும் அழித்துவிடு, ஒவ்வொரு தடவையும் பதினாறு எண்ணைத் தட்ட வேண்டும் என்றால் பாதி நாள் சோம்பேறித்தனமே உன்னைக் காப்பாற்றும். கூல்டிரிங்கை மட்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் நிறுத்து, 300 மில்லியில் ஆறேழு ஸ்பூன் சர்க்கரை இருக்கும், வயிறும் நிறையாது.

கேள்வி: வயது 58. பத்து வருஷமாகச் சர்க்கரை நோய், கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறைக்க ஒரு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன். பெண் கல்யாண வேலை, கடன் கவலை. நடுராத்திரி வியர்த்து, கை நடுங்கி, படபடப்போடு எழுந்து பால்கோவா சாப்பிட்டால்தான் அடங்குகிறது. இதுவும் மனக்கவலைத் தீனிதானா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: இல்லை ஐயா. இந்தப் பதிலைப் படித்ததும் இன்றைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் அதுதான். கவலை இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் கவலை கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அடுத்த தடவை அப்படி வந்தால் முடிந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் தாழ்சர்க்கரை. பால்கோவா வேண்டாம், ஊர்ப் பெருமை ஒருபக்கம் இருக்கட்டும், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று ஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. சரியானதும் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் பார்க்கிற வரை காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். டாக்டரிடம் பேசுகிற வரை ராத்திரிச் சாப்பாட்டை ஒரு நாள்கூட விடாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவை அவர் மாற்றித் தருவார். வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள், மயக்கமாகக் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சை பயம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள், ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு பாக்கெட் பிரெட்டும் ஒரு டப்பா லட்டுவும் காலியாகியிருக்கும். பிறகு பாத்ரூமில் வெகுநேரம் குழாய் திறந்திருக்கிறது. வாந்தி எடுக்கிறாளோ என்று சந்தேகம். அவளுக்கு நல்ல டயட் சார்ட் ஒன்று தர முடியுமா? (திருச்சி)

பதில்: தர மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்தேகம் சரியாக இருந்தால் இப்போது அவள் கையில் சார்ட் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. ஒரேயடியாக அளவில்லாமல் சாப்பிடுவதும் அதை வாந்தி எடுத்து வெளியேற்றுவதும் பரீட்சை முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விடக்கூடிய பழக்கம் இல்லை, வைத்தியம் உள்ள நோய். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பு தடுமாறும், பல்லின் மேல்பூச்சும் அரிக்கும். முதலில் ஒரு பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை, பிறகு மனநல மருத்துவர். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்கிற அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

அவளிடம் பேசும்போது லட்டு டப்பாவில் ஆரம்பிக்காதீர்கள். "நீ கஷ்டப்படுகிற மாதிரி தெரிகிறது கண்ணு, டாக்டரிடம் நானும் கூட வருகிறேன்" என்று சொன்னால் போதும், அவள் இல்லை என்று கத்துவாள், கதவைச் சாத்துவாள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். வீட்டில் அவள் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் பேசக் கூடாது, தாத்தா கிண்டலாகச் சொல்வது உள்பட. நீங்கள் உங்கள் சொந்த உடம்பை அவள் முன்னால் குறை சொல்வதும் வேண்டாம்.

கேள்வி: வெந்நீர் குடித்தால் இந்த மாதிரிப் பசி அடங்குமா? (நாகர்கோவில்)

பதில்: இருபது நிமிஷத்துக்கு அடங்கும்.

கேள்வி: என் மனைவி டயட்டில் இருக்கிறார். நான் அவர் எதிரே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடலாமா, கூடாதா? சாப்பிட்டால் முறைக்கிறார், மறைவாகச் சாப்பிட்டால் அதைவிட அதிகமாக முறைக்கிறார். (சேலம்)

பதில்: எதிரே உட்கார்ந்தே சாப்பிடுங்கள், அவருக்கும் இரண்டு கொடுங்கள், இரண்டு பஜ்ஜியால் யாருடைய டயட்டும் கெடாது. ஆனால் மாவு கரைப்பதும் வாணலியைக் கழுவுவதும் நீங்கள். முறைப்பு பஜ்ஜிக்காக இல்லை என்று எனக்கொரு சந்தேகம்.